அக்காவைப் பேச வைத்த காட்சி

என் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அப்பா இறந்தபோதும் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மண் போட்டு முடித்ததும், வந்தவர்களுக்குச் சாயா போதுமா என்று விசாரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தவள் அவள். அவளை ஒரு முறையாவது அழவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சிறு வயதிலிருந்தே இருந்தது. அதற்காகத்தான் ஒரு அறிவியல் புனைகதைத் தொடரில் நாற்பத்தைந்து நிமிட அத்தியாயம் ஒன்றை எழுதினேன். வெளியே கேட்டவர்களிடம் வேறு காரணங்கள் சொல்லியிருக்கிறேன். அவையெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தவை.

எங்கள் வீடு திருவட்டாறு போகிற வழியில், ரப்பர் மரங்கள் நிற்கும் விளைகளுக்கு நடுவே இருக்கிறது. அப்பா மஸ்கட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். அப்பாவின் அக்கா, என் அத்தை, சின்ன வயதிலேயே கணவனை இழந்து திரும்பி வந்து, அதே விளையில் அடுத்த வீட்டில் இருந்தாள். ரப்பர் இருவருக்கும் பொது. காலையில் ஆட்கள் மரங்களில் பால் வெட்டிக் கொண்டு வந்து ஊற்றுவார்கள். அதை டிஷ்களில் ஊற்றி ஆசிட் கலந்து உறைய வைத்து, உருளை மெஷினில் கொடுத்து ஷீட் அடித்துக் கொடியில் காயப் போடுவது அம்மாவும் அத்தையும்தான்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அத்தை வீட்டுப் பீங்கான் தட்டு ஒன்றைக் கை தவறி உடைத்துவிட்டேன். அத்தை என்னைத் திட்டவில்லை. கிணற்றடியில் நின்ற அம்மாவுக்குக் கேட்கும்படி, "ஒண்ணக் கொன்னவளுக்கு இன்னொண்ண வளக்கத் தெரியுமா?" என்றாள். அம்மா கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை. வாளி மேலே வந்தது. குடத்தில் ஊற்றினாள். மறுபடியும் வாளியை இறக்கினாள்.

நான் அத்தையிடமே கேட்டேன். அவள் தயங்காமல் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு அக்கா இருந்தாள். மூன்று வயது. ரப்பருக்கு வாங்கிய ஆசிட்டை அம்மா கலர் குப்பியில் ஊற்றி மெஷின் பக்கத்தில் தரையில் வைத்திருந்தாள். பிள்ளை அதைக் குடிக்கிற கலர் என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டது.

"உனக்கு வச்சிருக்கதும் அவளுக்க பேருதான்" என்றாள் அத்தை. "உங்க அப்பன் கடிதாசில எழுதுனான், அதே பேரு இருக்கட்டும்ணு."

அம்மா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "மக்களே" என்பாள். கோபம் வந்தால் "ஏட்டி" என்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் வாசிக்கும்போது எழுந்து நிற்க எனக்குக் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. வேறொருத்தியின் இடத்தில் ஏறி உட்கார்ந்திருப்பதுபோல.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, எனக்கு முன்ன ஒரு அக்கா உண்டுமா?"

"பாடம் படிச்சியா?" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டில் அக்காவின் புகைப்படம்கூடக் கிடையாது. கல்லறைத் தோட்டத்தின் மூலையில் சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற வரிசையில் எங்கோ இருந்தாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. நான் முதல் மதிப்பெண் வாங்கியபோதும், மஞ்சள் காமாலையில் படுத்தபோதும், திருமணம் வேண்டாம் என்று சொன்னபோதும் அம்மா ஒரே முகத்தோடு இருந்தாள். அந்த முகத்தின்மேல் எனக்கு வெறுப்பு வளர்ந்தது. செத்தவளுக்கும் ஒன்றும் இல்லை, இருப்பவளுக்கும் ஒன்றும் இல்லை, கல் மாதிரி ஒருத்தி என்று நினைத்துக்கொண்டேன். சென்னையில் தோழிகளிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

சென்னையில் எனக்குத் தொடர்களுக்கு எழுதுகிற வேலை. தனித்தனிக் கதைகளாக ஓர் அறிவியல் தொடர் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு அத்தியாயம். என் முறை வந்தபோது நான் சொன்ன கதை இதுதான். பூமிக்கு அடியில் ஒரு நகரம். வேலைக்கு இடைஞ்சலான துக்கங்களை அங்கே மூளையிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, ஆழத்தில் ஒரு கிடங்கில் வைத்துவிடுவார்கள். ஒரு தாய் முப்பது வருடமாக முகம் மாறாமல் வேலை செய்கிறாள். அவளுடைய குடுவையைத் திறக்கிற வேலை அவள் மகளுக்கே வந்து சேர்கிறது. மகள் திறக்கிறாள். உள்ளே, தாயின் கவனக்குறைவால் செத்துப்போன மூத்த குழந்தை இருக்கிறது.

இயக்குநருக்குப் பிடித்தது. ஆனால் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "இந்த அம்மா பொம்மை மாதிரி இருக்கா" என்றார். "குழந்தை செத்த மறுநாள் அவ என்ன செஞ்சா? அது தெரிஞ்சா ஆள் வந்துருவா."

எனக்கும் அது தெரியாது. தெரிந்துகொள்ள ரயில் ஏறினேன்.

வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். அம்மாவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். அவ்வளவு நாள் நான் தங்குவதில்லை. சந்தைக்குப் போனேன், ஆராதனைக்குக் கோயிலுக்குக்கூடப் போனேன், அவளுடைய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். ஐந்தாவது நாள் அடுக்களையில் அவள் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தோல் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருக்கும்போது கேட்டால்தான் அவள் பதில் சொல்வாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"அக்காவ அடக்கம் பண்ணுன மறுநாள் நீங்க என்ன செஞ்சிய?"

கத்தி நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை.

"பால் கொண்டு வந்தாவ" என்றாள். "ஆசிட் கலக்குனேன்."

"எந்த ஆசிட்?"

"அதே குப்பிதான். பாதி இருந்துல்லா."

பிறகு மரச்சீனியை நறுக்கி முடித்தாள். கையை முந்தானையில் ஒரு முறை துடைத்தாள், பார்த்தாள், மறுபடியும் துடைத்தாள். அது அவள் எப்போதும் செய்வதுதான். நான் பின்வாசலுக்குப் போய் அதையும் சேர்த்து போனில் குறித்துக்கொண்டேன். மறுநாளே சென்னைக்குக் கிளம்பிவிட்டேன். தைலக் குப்பியைப் பாதியில் மேசைமேல் விட்டுவிட்டுப் போனேன்.

படப்பிடிப்பில் தாயாக நடித்தவள் அதை அப்படியே செய்தாள். நீளமான உலோகக் கூடத்தில் வரிசையாகத் தட்டுகள், அவற்றில் வெள்ளைத் திரவம். குழந்தையைக் கொன்ற அதே அமிலக் குப்பியிலிருந்து மிச்சத்தை எடுத்து ஊற்றி, கையை இரண்டு தரம் துடைத்தாள். கடைசிக் காட்சியில் குடுவைக்குள்ளிருந்து குழந்தை வெளியே வந்து, "அம்மா, எனக்கு உன் மேல கோபமே இல்ல. எனக்கு வலிக்கவே இல்ல" என்று சொல்லும். தாய் உடைந்து அழுவாள். மகள் இருவரையும் கட்டிக்கொள்வாள். அந்தக் காட்சியை எழுதும்போது நானும் அழுதேன். என்னைப்பற்றி எனக்கே நல்ல எண்ணம் வந்தது.

அத்தியாயம் வெளியானதும் ஊருக்கு வந்தேன். அம்மாவுக்கு ஒரு புது டிவி வாங்கி மாட்டி, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து சோறும் கோழிக்கறியும் சாப்பிட்ட பிறகு போட்டேன். அத்தையையும் கூப்பிட்டிருந்தேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. கம்பு ஊன்றிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆகாசத்துல பறக்க கதையா?" என்று கேட்டாள்.

"பூமிக்கு அடியில நடக்கிற கதை" என்றேன்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் டிவியைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுகளும் வெள்ளைத் திரவமும் வந்தபோது அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். நடிகை குப்பியை எடுத்து ஊற்றிக் கையைத் துடைத்தபோது அம்மா தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அத்தைதான் முதலில் பேசினாள்.

"ஏட்டி, இது நம்ம வீட்டுக் கதையில்லியா?"

திரையில் குழந்தை வெளியே வந்தது. வெள்ளை உடை, இரட்டைப் பின்னல். தன் வசனத்தைச் சொன்னது.

"நிறுத்து" என்றாள் அம்மா.

நிறுத்தினேன். குழந்தை வாயைப் பாதி திறந்து சிரித்தபடி திரையில் நின்றது.

"அந்தப் பிள்ளை எதுக்குப் பேசுது?"

"கதைக்கு வேண்டி, அம்மா."

"அவளுக்கு நாக்கு வெந்து போச்சு" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. சந்தையில் என்ன விலை என்று சொல்கிற குரல்தான். "தொண்டை வெந்து போச்சு. மூணு நாள் கிடந்தா. வாயத் தொறந்தா காத்துதான் வரும். குடிக்க வெள்ளம் கேக்காண்ணு தெரியும். குடுக்கப்படாதுண்ணு சொல்லியிருந்தாவ. பஞ்ச நனச்சு உதட்டுல வச்சேன். பஞ்சு ஒட்டிக்கிடுச்சு. எடுத்தா தோலும் கூட வந்துது. வலிக்கல்லண்ணு சொல்லுகாளா அவ?"

நான் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அவள் கேட்கவில்லை.

"கடைசி நாள் நான் கிட்டப் போனா தலையத் திருப்பிக்கிடுவா. நர்ஸு வந்தா கைய நீட்டுவா. நான் வந்தா திருப்பிக்கிடுவா. குப்பியத் தந்தது நான்தாண்ணு நினச்சாளோ என்னவோ. எனக்க மொகத்தப் பாக்காமத்தான் போனா. நீ என்னண்ணா, கோவமில்லண்ணு சொல்ல வச்சிருக்க. உனக்கிட்ட யாரு கேட்டா?"

அத்தை கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இதொண்ணும் தெரியாதே" என்றாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் மைனி? நீங்க ஆஸ்பத்திரிக்கு வரல்ல. ஷீட்டு அடிக்க நிண்ணிய."

"பால் உறஞ்சு கெட்டுப்போவும்லா."

"ஓ. பன்னிரண்டு ஷீட்டு. நான் பிள்ளையக் கொண்டு வரும்போ கொடியில கிடந்து காஞ்சுக்கிட்டு இருந்துது."

அத்தையின் முகம் சிவந்தது. தோற்றுப்போகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "குப்பியத் தரையில வச்சது நான் இல்லல்லா" என்றாள்.

"இல்ல" என்றாள் அம்மா. "நான்தான்."

பிறகு என்னைப் பார்த்து, "மீதியப் போடு" என்றாள்.

போட்டேன். திரையில் அந்தத் தாய் முழங்காலில் விழுந்து அழுதாள். இசை ஏறியது. அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து சாப்பிட்ட தட்டுகளை எடுத்தாள்.

"அந்தப் பொம்பள நல்லா அழுதா" என்றாள். "இப்பிடி அழுகதுக்கு அவளுக்குச் சம்பளம் உண்டுமா?"

அவளை அழவைக்கத்தான் வந்தேன். அன்று அழுதது நான் ஒருத்திதான். நான் அழுவதை அவள் அடுக்களை வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கோயிலின் பெண்கள் ஐக்கியச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவர் அத்தியாயத்தைப் பார்த்திருந்தார். யாருடைய கதை என்று அத்தை சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒரு குழந்தை இருந்ததே மறந்துபோயிருந்தது. இளையவர்களுக்குத் தெரியவே தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆண்டவர் எப்படி ஆறுதல் கொடுத்தார் என்று அடுத்த கூட்டத்தில் அம்மா சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

"ஆறுதல் கிடைச்சா சொல்லுகேன்" என்றாள் அம்மா. அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள். அந்த வாரத்திலிருந்து காலை ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

நான் இயக்குநரைப் போனில் கூப்பிட்டேன். கடைசிக் காட்சியை வெட்ட முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். பஞ்சு, உதடு, குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். "தலையத் திருப்புற அந்த ஒரு ஷாட் போதும். அழுகையே வேண்டாம்."

அவர் சொன்னது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்த ஷாட்டை எந்தக் கோணத்தில் வைக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அம்மா அப்போது பின்வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் யோசித்தேன். எதையும் வெட்ட முடியாது என்று கடைசியில் சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அந்த அத்தியாயத்தால் எனக்கு அடுத்த இரண்டு வேலைகள் கிடைத்தன.

அம்மா என்னோடு பேசாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. நான் சென்னைக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம், எப்போதும்போல அவளிடமிருந்து போன் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

"பின்ன கேளு" என்றாள். "அவள ஜீப்புல கொண்டு போகும்போ மடியில வச்சிருந்தேன். வாந்தி எடுத்தா. எனக்க சாரியில பட்ட இடமெல்லாம் ஓட்டையாச்சு. அந்தச் சாரியத்தான் மூணு நாளும் உடுத்திருந்தேன். செரி, வைக்கேன்."

வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு அனுப்பப் பிள்ளையின் குரலைப் பதிவு செய்த கேசட்டைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை ஞாயிறு பள்ளிப் பாட்டு ஒன்றைப் பாதி பாடி மறந்து சிரிக்கிறாள். அடக்கம் முடிந்து ஒரு மாதத்தில் அத்தை அதன்மேல் கன்வென்ஷன் கூட்டத்துப் பிரசங்கத்தைப் பதிந்துவிட்டாள். அதற்கு அடுத்த வாரம், அப்பா நான்கு மாதம் கழித்து வந்து இறங்கியபோது கேட்ட முதல் கேள்வியைச் சொன்னாள். குப்பிக்கு மூடி இருந்ததா என்பதுதான் அது. அதன் பிறகு சாகும்வரை அவர் அதைப்பற்றிப் பேசவில்லையாம். ஒவ்வொரு வாரமும் ஒன்று. கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.

மூன்றாவது மாதத்தில்தான் இன்னொன்று புரிந்தது. அம்மா பேசும்போது பின்னால் கரண்டிச் சத்தம் கேட்கும். ஞாயிறு மதியம் அத்தைக்கு இப்போதும் அம்மா வீட்டில்தான் சாப்பாடு. அவளுக்குத் தானாக எழுந்து போக முடியாது. தட்டில் சோறு வைத்து, கறி ஊற்றி, கரண்டியும் கொடுத்து, அவளைச் சாப்பிட உட்கார வைத்த பிறகுதான் அம்மா போனை எடுக்கிறாள். நான் கேட்பதையெல்லாம் அத்தையும் கேட்கிறாள்.

"அத்தை அங்க இருக்காவளா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்காவ. சாப்பிடுகாவ."

"அவிய ஒண்ணும் சொல்லல்லியா?"

"கொஞ்சமா தின்னுகாவ இப்போ. மெலிஞ்சு போனாவ" என்றாள் அம்மா. அதில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காமல் இருந்து பார்த்தேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாரத்துக்கானதையும் சேர்த்துச் சொன்னாள். சவப்பெட்டி செய்தவர் அளவு கேட்டபோது, பிள்ளை எவ்வளவு உயரம் என்று தனக்கு நினைவு வரவில்லை என்றாள். தூக்கி வைத்தே பழகிவிட்டதால் அளந்து பார்த்ததில்லையாம். கையை விரித்துக் காட்டினாளாம். பெட்டி நீளமாகிவிட்டது. காலடியில் மிச்ச இடத்துக்குத் துணி சுருட்டி வைத்தார்களாம்.

"அம்மா, போதும்" என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. "போதும்மா. தப்புதான். நான் அத எழுதியிருக்கக்கூடாது. விட்டுருங்க."

அந்தப் பக்கம் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

"நீ கேட்டேல்லா, அடுக்களையில நிண்ணு" என்றாள் அம்மா. "அதுக்கு முன்ன ஒருத்தரும் எனக்கிட்டக் கேட்டதில்ல. கேட்டா முழுசுங் கேக்கணும்."

பிறகு, பெட்டியில் சுருட்டி வைத்த அந்தத் துணி யாருடைய சாரி என்று சொல்லத் தொடங்கினாள்.